பழைய சட்டை யாருடையது?

இரண்டாம் ஆண்டு, பட்டறை வகுப்பு. லேத் இயந்திரத்தை ஓட்டப் போன என்னை, பட்டறைப் பொறுப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார். மலாய்க்கார அண்ணன், அதிகம் பேசமாட்டார். என் சட்டைக் கையைப் பிடித்து லேசாக இழுத்தார். ஒரு சாண் துணி வந்தது. “பாஜு பெசார் சங்காட்,” என்று சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த எச்சரிக்கைப் படத்தைக் காட்டினார். சுழலும் இயந்திரத்தின் முன்னால் தொளதொளச் சட்டை, மோதிரம், கழுத்துப்பட்டை, அவிழ்த்துவிட்ட நீளமுடி எதுவும் ஆகாது. சக் துணியைப் பிடித்தால் துணியோடு நிற்காது, கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பொறியியல் படிக்கிற எல்லாருக்கும் இது முதல் வாரப் பாடம்.

அன்றைக்கு நான் லேத்தைத் தொடவில்லை. ஓரமாக நின்று மற்றவர்கள் செய்ததைக் குறிப்பெடுத்தேன். விஷயம் என்னவென்றால், எட்டு மாதத்துக்கு முன்னால் அதே சட்டை எனக்கு இறுக்கம். உட்கார்ந்தால் வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே கண் திறந்துகொள்ளும். அதை மறைக்க எப்போதும் மடியில் பையை வைத்துக்கொள்வேன். சட்டை மாறவில்லை. உள்ளே இருந்தவன்தான் மாறிவிட்டான்.

2023 தைப்பூசத்தின்போது என் எடை 118 கிலோ. பத்துமலையில் 272 படிகள் ஏற நான்கு முறை உட்கார்ந்தேன். என் பாட்டி ஒரே ஒரு முறைதான் உட்கார்ந்தார், அதுவும் எனக்காக. அடுத்த வாரம் கிளினிக்கில் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். எப்படி எடை குறைத்தேன் என்பதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நாளுக்கு மூன்று தே தாரிக், நடுராத்திரி நாசி லெமாக் இரண்டும் போயின. நடை வந்தது. மருத்துவர் சொன்னதைக் கேட்டேன். பதினான்கு மாதத்தில் 81 கிலோ. அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அலமாரியில்தான் கதை ஆரம்பித்தது.

எடை குறையும்போது துணி என்ன பாடு படுத்தும் என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. முதல் பத்து கிலோவில் ஒரே சந்தோஷம். எல்லாம் வசதியாக இருக்கும். அடுத்த பத்தில் சிலுவார் நழுவ ஆரம்பிக்கும். பெல்ட்டில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்து ஓட்டை போட்டேன். ஒன்று, இரண்டு என்று ஐந்து புது ஓட்டைகள். பெல்ட்டின் வால் இடுப்பைச் சுற்றி முதுகுப் பக்கம் போய்விட்டது. வீட்டில் தங்கச்சி, “அண்ணே, இன்னும் கொஞ்ச நாள்ல அது ரெண்டு சுத்து வரும்,” என்று சிரித்தாள்.

எங்கள் தாமானில் தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். நாலு சிலுவாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடம் கற்றுக்கொண்டது என் செமஸ்டர் பாடத்துக்குக் குறைந்ததில்லை. இடுப்பை, பின்பக்க நடுத்தையலில் பிடித்து இரண்டு அங்குலம் வரைக்கும் குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் பின்னால் இருக்கிற இரண்டு பாக்கெட்டும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். சட்டையில் பக்கவாட்டைச் சுருக்குவது சுலபம். தோள்தான் தொல்லை. தோள்தையல் கையின் பாதிக்கு இறங்கிவிட்டால், கையைப் பிரித்தெடுத்து மறுபடி ஒட்டவைக்கணும். அந்தக் கூலிக்கு ஒரு புதுச் சட்டையே வாங்கிவிடலாம். “தோள் சரியா இருக்கிறத மட்டும் கொண்டா தம்பி, மத்தத விட்டுரு,” என்றார் அக்கா. எடை நிற்கிற வரைக்கும் நல்ல துணி எதையும் தைக்கக் கொடுக்காதே என்றும் சொன்னார். இரண்டு மாதத்தில் மறுபடி வந்து நிற்பாய், துணியில் ஊசித்துளைதான் மிஞ்சும் என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரவிக்கை தைக்கும்போது உள்ளே, பக்கத்தையலில், கொஞ்சம் துணி மிச்சம் விட்டுத் தைப்பார்களாம். பின்னால் உடம்பு போட்டால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் உடம்பு கல்யாணம், பிள்ளைப்பேறு, வயசு என்று மாறிக்கொண்டே இருக்கும் என்பதை அந்தத் தையல் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறது. ரெடிமேட் சட்டையில் உள்ளே ஒரு நூல்கூட மிச்சம் இருக்காது. வாங்குகிற அன்றைக்கு நீ எப்படி இருக்கிறாயோ, அப்படியே இருக்கணும்.

வேட்டி இன்னும் மேல். 118 கிலோவில் கட்டிய அதே எட்டு முழ வேட்டியைத்தான் 2024 தைப்பூசத்துக்கும் கட்டினேன். ஒரு சுற்று கூடியது, அவ்வளவுதான். அன்றைக்குப் படி ஏறும்போது உட்காரவில்லை. ஆனால் அந்த வேட்டிக்கு நான் குறைந்ததே தெரியாது.

நடுவில் உள்ள மாதங்கள்தான் கஷ்டம். பழையது பெரிசு, போகப்போகிற அளவு இன்னும் வரவில்லை. கல்விக் கடனில் படிக்கிற பையன் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புது அலமாரி வாங்க முடியுமா? பண்டல் கடைதான் காப்பாற்றியது. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டையாக வருகிற பழைய துணி. ஒரு சிலுவார் 10 வெள்ளி, சட்டை 5 வெள்ளி. எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். ஒரு அளவுக்கு இரண்டு சிலுவார், மூன்று சட்டை, அதற்கு மேல் கிடையாது. துவைத்துக் காயப்போட்டு மாற்றி மாற்றிப் போட்டேன். யாரோ ஒரு ஜப்பான்காரர் போட்டுக் கழித்த சட்டையில் மூன்று மாதம் வகுப்புக்குப் போனேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

2024 ஏப்ரலில் எடை ஓரளவு நின்றது. இப்போது அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் பழைய துணி. வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

விடுதியில் இதற்கு இரண்டு கட்சி. “வச்சிக்கோடா, பெரும்பாலும் திரும்ப ஏறிடும், அப்போ எங்க போவ?” என்றான் அறைத்தோழன். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அவன் சொன்னது பொய்யில்லை. குறைந்த எடை திரும்ப வருவது சகஜம் என்று மருத்துவரே எச்சரித்திருந்தார். இன்னொருத்தன், “எல்லாத்தையும் தூக்கிப் போடு, திரும்பிப் போற வழியே இருக்கக் கூடாது,” என்றான். படகை எரித்துவிட்டுப் போருக்குப் போகிற வீரன் மாதிரி பேசினான். அவனுடைய எடை பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை 62 கிலோ.

பொறியியலில் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று உண்டு. ஒரு டன் தாங்க வேண்டிய கொக்கியை நான்கைந்து டன் தாங்கும்படி செய்வோம். அது அவநம்பிக்கை இல்லை, அறிவு. அந்தக் கணக்கில் இரண்டு பெரிய சிலுவாரை வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. நான் தூக்கிப் போடுகிற கட்சியில் சேர்ந்தேன். காரணம் வைராக்கியம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். அந்தத் துணியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் போட்டிருந்தவனையும் பிடிக்கவில்லை. பழைய படங்களை எல்லாம் போனிலிருந்து அழித்தேன்.

அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை கீதை வகுப்பில் இரண்டாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. நைந்த துணியைக் கழற்றிப் புதுத் துணி உடுத்துவது போல ஆன்மா பழைய உடம்பை விட்டுப் புது உடம்பை ஏற்கிறது என்ற அந்த உவமை நம் எல்லாருக்கும் தெரியும். நான் கையைத் தூக்கி, “ஐயா, எனக்கு நேர்மாறா இருக்கு. துணி நல்லாத்தான் இருக்கு, உடம்புதான் மாறிப்போச்சு,” என்றேன். வகுப்பே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நான் கீதையைத் தாண்டிப் போய்விட்டேன். பழைய உடம்பை உதறியவன் என்று எனக்கு ஒரு பெருமை.

அந்த வார விடுமுறையில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் திணித்தேன். மடிக்கக்கூட இல்லை. பதினோரு சட்டை, ஆறு சிலுவார், மூன்று ஜிப்பா. அம்மா, “பெரியம்மா வீட்ல அண்ணனுக்குச் சரியா இருக்கும், குடுத்துட்டு வா,” என்றார். அம்மா நல்ல மனசோடுதான் சொன்னார். நம் வீடுகளில் துணி இப்படித்தான் கைமாறும். அவனுடைய பள்ளிச் சட்டைகளை நான் போட்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து நாங்கள் இருவரும்தான் குடும்பத்தில் “குண்டனுங்க”. படம் எடுக்கும்போது எங்களை இரண்டு ஓரத்தில் நிறுத்துவார்கள். யாராவது கேலி செய்தால் அவன்தான் எனக்காகச் சண்டைக்குப் போவான். அவன் இன்றைக்கும் அதே உடம்புதான். கிடங்கில் வேலை, இரண்டு ஷிப்ட்.

மோட்டாரில் பையை எடுத்துப் போனேன். அண்ணன் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். பையைக் கீழே போட்டுவிட்டு நான் சொன்னது இதுதான்: “இந்தக் கண்றாவியெல்லாம் இனிமே எனக்கு வேணாம்ணே. உனக்குக் கரெக்டா இருக்கும்.”

அவன் “சரிடா,” என்றான். தண்ணி கலக்கிக் கொடுத்தான். சீனி போடாமல். என் படிப்பைப் பற்றிக் கேட்டான். நான் கிளம்பி வந்துவிட்டேன். ஐந்து மாதத்துக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்கு முன், முறுக்குச் சுட உதவிக்கு அம்மாவோடு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பின்கட்டு ஸ்டோரில் இரும்புச் சட்டி எடுக்கப் போனபோது அந்தக் கறுப்புப் பை மூலையில் இருந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்க்கவே இல்லை. அண்ணனிடம், “ஏன்ணே போட்டுக்கல? சைஸ் சரியில்லையா?” என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் மாவைப் பிழிந்துகொண்டே இருந்தான்.

“நீ குடுக்கும்போது என்னா சொன்னேனு ஞாபகம் இருக்கா?”

எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அவன் சொன்னான். சொல் மாறாமல் சொன்னான். பிறகு, “அந்தச் சட்டை கண்றாவினா, நான் என்னாடா?” என்று கேட்டுவிட்டு, எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்றிரவு பையை வீட்டுக்குக் கொண்டுவந்து அறையில் கொட்டினேன். ஐந்து மாதம் முடிச்சுப் போட்டிருந்த துணி, பூஞ்சை வாடை அடித்தது. ஒவ்வொன்றாக விரித்தபோதுதான் கவனித்தேன். சில சட்டைகளின் கழுத்துப்பட்டைக்கு உட்பக்கம் மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டு. தீபாவளிக் கோடித்துணியைச் சாமி மேடையில் வைத்துப் படைத்துவிட்டு, மூலையில் மஞ்சள் தடவிக் கொடுப்பார் அம்மா. எண்ணிப் பார்த்தேன். பொட்டு வைத்தது ஐந்து. ஐந்து தீபாவளி. அதில் ஒன்று நீல ஜிப்பா. அந்த வருஷம் என் அளவுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறினார். உள்ளே நுழைவதற்கு முன்பே கடைப்பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சைஸ் இல்லண்ணே,” என்பான். நான் வெளியே நின்றுவிட்டேன். அப்பா மட்டும் உள்ளே போய்ப் போய்க் கேட்டார். லோரி ஓட்டிவிட்டு வந்த களைப்பு. ஆறாவது கடையிலோ ஏழாவது கடையிலோ அந்த ஜிப்பாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வெளியே வந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் குப்பைப் பையில் திணித்தது அதைத்தான். நான் பையைக் கட்டும்போது அப்பா கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கடோபநிஷத்தின் தொடக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நசிகேதனின் தந்தை ஒரு வேள்வி செய்து எல்லாவற்றையும் தானம் கொடுக்கிறார். ஆனால் அவர் கொடுக்கிற பசுக்கள், குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்த, கறக்க வேண்டிய பாலைக் கறந்து முடித்த கிழட்டுப் பசுக்கள். சின்னப் பையன் நசிகேதனுக்கு அது பொறுக்கவில்லை. இது தானமா என்று மனசு கேட்கிறது. தந்தையிடம், “என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். கோபத்தில் எமனுக்கு என்கிறார் அவர்.

இதை வைத்து, பழைய துணியைக் கொடுப்பதே தப்பு என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அப்படியானால் அண்ணனின் பள்ளிச் சட்டையை நான் போட்டது தப்பா? பண்டல் கடைச் சட்டையில் எனக்கு ஏன் கூச்சம் வரவில்லை? அந்த ஜப்பான்காரர் தன் சட்டையைப் பற்றி என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அது துணியாக மட்டும் வந்தது, நானும் துணியாக வாங்கிக்கொண்டேன். என் பையில் துணி மட்டும் போகவில்லை. “நான் தப்பித்துவிட்டேன், நீ இன்னும் அங்கேயே இருக்கிறாய்” என்ற தீர்ப்பும் சேர்ந்து போனது. துணி வேண்டுமானால் நல்ல துணிதான், கிழிசல் ஒன்றுகூட இல்லை. கிழட்டுப் பசுவாக இருந்தது அந்த வார்த்தை.

கீதை உவமையையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். துணி நைந்து போகிறது, மனிதன் மாற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான் அங்கே இருக்கிறது. பழைய துணியைக் காறித் துப்புவதாக ஒன்றும் இல்லை. நான்தான் அதைச் சேர்த்துக்கொண்டேன். வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைத்த என் கேள்வி, யோசித்தால், சரியான கேள்விதான். துணி நன்றாகத்தான் இருந்தது. அதைப் போட்டிருந்தவனும் ஒன்றும் கெட்டவன் இல்லை. எஸ்டிபிஎம் எழுதியவன் அவன்தான். பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியவன் அவன்தான். காலை ஐந்து மணிக்கு முதல் முதலாக நடக்கப் போனவனும் 118 கிலோக்காரன்தான், 81 கிலோக்காரன் இல்லை. அவனை வெறுக்காவிட்டால் இளைத்திருக்க மாட்டேன் என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள். என் அனுபவத்தில் அது பொய். பயத்தில் ஆரம்பித்தேன், பழக்கத்தில் தொடர்ந்தேன். வெறுப்பு வந்ததே எடை குறைந்த பிறகுதான், மற்றவர்கள் புகழ ஆரம்பித்த பிறகு.

அந்தப் புகழ்ச்சியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடுகளில் அத்தைமார்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, “இப்பத்தான்டா மனுஷனா இருக்க,” என்பார்கள். பாராட்டுதான். பக்கத்தில் அண்ணன் நிற்பான். நம் நாட்டில் 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அப்படியானால் அந்தக் கல்யாண மண்டபத்தில் பாதிப்பேர் மனுஷர் இல்லையா? அத்தையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். உடம்பைக் குறைத்தது என் சர்க்கரைக்கு நல்லது, முழங்காலுக்கு நல்லது. அதனால் நான் ஒருபடி உயர்ந்த மனிதன் ஆகிவிடவில்லை. அண்ணனைப் போல இரண்டு ஷிப்ட் நின்றிருந்தால் எனக்குக் காலையில் நடக்க நேரம் கிடைத்திருக்குமா என்பதும் தெரியாது.

துணிகளை இரண்டு முறை துவைத்தேன். வெயிலில் காயவைத்துத் தேய்த்தேன். பொத்தான் போன இடத்தில் தைத்தேன். கோணலாகத்தான் இருந்தது, அம்மா பிரித்துத் திரும்பத் தைத்தார். நீல ஜிப்பாவை எடுத்து அலமாரியில் மாட்டிக்கொண்டேன். ஒரு பெரிய சிலுவாரையும் வைத்துக்கொண்டேன். திரும்ப ஏறினால் ஏறட்டும், போட்டுக்கொள்ள ஒன்று இருக்கும். மீதியை மடித்து, நல்ல பையில் போட்டு அண்ணனிடம் கொண்டு போனேன்.

என்ன சொல்வது என்று மோட்டாரில் போகும்போதே ஒத்திகை பார்த்தேன். அங்கே போய் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. “அன்னிக்கு நான் சொன்னது தப்புண்ணே,” என்று மட்டும் வந்தது. அவன் பையை வாங்கிப் பார்த்தான். இரண்டு பாத்தேக் சட்டையை எடுத்துக்கொண்டான். “இந்தப் பச்சை நீ போட்டப்பவே எனக்குப் பிடிக்கும்,” என்றான். மீதி வேண்டாம் என்றான். அவனுக்கு வேண்டாம் என்று சொல்கிற உரிமை இந்த முறைதான் இருந்தது என்று நினைக்கிறேன். மீதியை, பிறகு தாமானில் இருக்கிற துணி மறுசுழற்சிப் பெட்டியில் போட்டேன்.

“தீபாவளிக்குச் சட்டை எடுத்துட்டியாண்ணே?” என்று கேட்டேன்.

“இல்லடா. கடைக்குப் போகவே கடுப்பா இருக்கு. தெரியும்ல உனக்கு.”

தெரியும். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் கிள்ளானுக்குப் போனோம். முதல் கடைப்பையன் அவனைப் பார்த்துவிட்டு என்னிடம், “உங்களுக்கு இருக்குண்ணே, அவருக்குத்தான் சைஸ் இல்ல,” என்றான். அண்ணன் வழக்கம்போல வெளியே நிற்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கடையிலும் இல்லை. நான்காவது கடையில், மாடியில், அட்டைப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கிழவர் தேடி எடுத்துக் கொடுத்தார். மெரூன் ஜிப்பா, 55 வெள்ளி. தோள் சரியாக உட்கார்ந்தது.